சுபிரா படகின் தண்ணீர்த் தொட்டி குறித்து நகுதா ஃபூமோ கொம்போ சொன்னது

என் பெயர் ஃபூமோ கொம்போ. தகப்பனார் பெயர் கொம்போ ஷாலி. வயது அறுபத்திரண்டு. இது அடையாள அட்டையில் உள்ளது. இன்றைக்கு எனக்கு நூற்றுப் பத்து வயது ஆகிறது என்று சொன்னேன். அட்டையில் உள்ளதைத்தான் எழுத முடியும் என்று சார்ஜண்ட் கிலோன்சோ சொன்னார். இருப்பிடம் பாட்டே தீவு, கிசிங்கிட்டினி ஊர், படகுத்துறையில் மீனுக்கு ஐஸ் போடும் கொட்டகைக்குப் பின்சந்து. தொழில், 'சுபிரா' என்னும் பாய்மரப் படகில் நகுதா, அதாவது படகை ஓட்டும் தலைவன்.

இந்த விஷயமாக நான் இந்த நிலையத்துக்கு மூன்றாவது தடவையாக வருகிறேன். முதல் இரண்டு தடவையும் என் வாக்குமூலம் பதிவு செய்யப்படவில்லை. காரணம், போன வருடம் ஒரு சுறா எங்கள் படகின் எஞ்சினை விழுங்கிவிட்டது என்றும், எஞ்சின் அதன் வயிற்றுக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால் அது சோமாலியா வரை நிற்காமல் போய்விட்டது என்றும் நான் கொடுத்த வாக்குமூலத்தை இதே சார்ஜண்ட் பதிவு செய்து தலைமை ஊரான லாமுவுக்கு அனுப்பி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆகவே இம்முறை ஒரு நிபந்தனை விதித்தார். நான் எதைச் சொன்னாலும் அதன் அளவைக் கேட்பார், குறைத்த அளவையும் சேர்த்து எழுதிக்கொள்வார். சம்மதித்தேன். இன்று எனக்கு வாதாடத் தெம்பில்லை.

நான் வாக்குமூலம் தரும் காரணம் இது. எங்கள் படகின் சமையல்காரர் கூபி அத்மான், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அடைபட்டிருக்கிறார். கல்யாணக் கூட்டம் குடித்த தண்ணீரில் அவர் நஞ்சு கலந்தார் என்று புகார். நாளைக் காலைப் படகில் அவரை லாமு நீதிமன்றத்துக்கு அனுப்பப்போகிறார்கள். அவர் கலக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சுபிரா படகின் சொந்தக்காரர் காசிம் பூனு. அவர் என் மனைவியின் அண்ணன். எங்கள் தீவில் கிணறு தோண்டினால் உப்புதான் வரும் என்பதால், மழைத் தண்ணீரைப் பிடித்துப் படகில் எடுத்துப் போவது வழக்கம். எல்லோரும் பிளாஸ்டிக் கேனில் எடுத்துப் போவார்கள். காசிமுக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. மொம்பாசாவில் உடைத்துப் போட்ட கப்பல் ஒன்றிலிருந்து ஓர் இரும்புத் தொட்டியை வாங்கிவந்து படகின் நடுவில் வைத்தார். அதில் லாமு நகரம் முழுவதும் குளித்து, மிச்சத்தில் அத்தனை கழுதைகளையும் குளிப்பாட்டலாம். (அளவு கேட்கப்பட்டது. இரண்டு பீப்பாய் தண்ணீர் பிடிக்கும்.) அதன் வாய் சிறியது. ஒரு கை தோள் வரைக்கும் போகும். தலை போகாது. உள்ளே பார்க்க வேண்டுமானால் கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து அடிக்க வேண்டும்.

நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு தொட்டியின் அடியில் தகடுகள் சேரும் தையலில் துரு தின்று ஒழுக ஆரம்பித்தது. அதன் பிறகு காசிமின் மகன் யூசுபுக்கு லாமுவில் பெண் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக் கூட்டத்தைச் சுபிராவில்தான் ஏற்றிப் போவேன் என்று காசிம் பிடிவாதமாகச் சொன்னார். அதன் பிறகு பௌர்ணமியன்று கடல் நீர் இறங்கும் வற்றத்தில் படகை மணலில் சாய்த்து வைத்து, அடியைச் சுரண்டி, பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்து, பெயிண்ட் பூச ஆரம்பித்தோம். எங்கள் ஊரில் சாய்த்து வைத்த படகைப் பார்த்துக்கொண்டு சும்மா போவது மரியாதை இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் கை கொடுப்பார்கள். கை கொடுக்க முடியாதவர்கள் யோசனை கொடுப்பார்கள். அன்றைக்குத் தொட்டி ஒழுக்கை எதைக் கொண்டு அடைப்பது என்பதற்கு ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலிருந்தும் யோசனை வந்தது. (அளவு கேட்கப்பட்டது. ஏழெட்டுப் பேர்.)

தச்சர் மோத்தே, சுறா எண்ணெயில் பஞ்சை ஊறவைத்துத் திணிக்கச் சொன்னார். அதற்குக் கூபி, "அண்ணே, உங்க கலப்பத்து படகுக்கு வைரம். ஆனா அந்த நாத்தத்தை எவன் குடிப்பான்? நீங்க குடிச்சுக் காட்டுங்க, நான் திணிக்கிறேன்" என்றார். கடைக்காரர் ஒருவர் குளியலறைக்குப் போடும் பசைக் குழாயை எடுத்து வந்து, இது பூஞ்சை பிடிக்காது என்றார். கூபி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பூஞ்சையே பக்கத்துல வரமாட்டேங்குதுன்னா உள்ள எதையோ போட்டிருக்கான். பூஞ்சைக்கு ஆகாதது என் வயித்துக்கு ஆகுமா?" என்று திருப்பிக் கொடுத்தார். காசிம், கூரைக்குப் பூசும் தார் வீட்டில் இருக்கிறது என்றார்.

கூபி அத்மானைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் முன்பு பெரிய கப்பலில் சமையல் செய்தவர். அடக்கமான ஆள் என்று அவர் நண்பன் கூடச் சொல்ல மாட்டான். அவர் கத்தினால் தேங்காய் உதிரும். (அளவு கேட்கப்பட்டது. உதிர்ந்து பார்த்ததில்லை.) தார் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கரண்டியை மணலில் குத்திவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி இவ்வாறு கத்தினார்:

"படகுக்கு வெளியில பூசுறது கடலை விரட்ட. தொட்டிக்குள்ள பூசுறது நம்மளோட குடியிருக்க. ரெண்டும் ஒரே டப்பாவுல வராதுய்யா! இதுல எதையாவது உள்ள பூசினீங்க, மாப்பிள்ளைக் கூட்டம் பூரா நடுத்தண்ணியில குடலைக் கக்கும். சொல்லிட்டேன்!"

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் காசிம் தன் புகாரில் எழுதியிருக்கிறார். அது மிரட்டல் என்று எழுதியிருக்கிறார். நான் அங்கே இருந்தேன். அது எச்சரிக்கை.

அதே வற்றத்தில் படகின் அடிக்குச் சிவப்புப் பெயிண்ட் பூசினோம். இது மரம் தின்னும் கடற்புழுவும், ஓடு ஓடாக ஒட்டி வளரும் கொட்டலசும் அண்டாமல் இருக்கப் பூசும் நச்சுப் பெயிண்ட். டப்பாவின் மேல் செத்த மீன் ஒன்று வயிற்றைக் காட்டிக் கிடக்கும் படம் இருந்தது. கடைசியில் சுக்கானுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்குப் பெயிண்ட் போதவில்லை. "தீந்து போச்சு மச்சான், அது கிடக்கட்டும்" என்று காசிம் சொன்னார். ஒரு படகுக்கு அளந்து வாங்கிய டப்பா எப்படித் தீரும் என்று நான் கேட்கவில்லை. கடல் வெள்ளம் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு கூபி, அக்கரையிலிருந்து மொம்பாசா போகும் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பி, குடிதண்ணீர்த் தொட்டிக்கென்றே விற்கும் பசையை வரவழைத்தார். இரண்டு டப்பாவைச் சேர்த்துக் குழைப்பது. அதன் மேல் குழாயும் தம்ளரும் படமாகப் போட்டிருந்தது. அதன் பிறகு அவர் தொட்டியின் மேல் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டு, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை துருவைச் சுரண்டினார். அதன் பிறகு துடைத்து, காயவைத்து, பசையைப் பூசினார். அதன் பிறகு வாயைத் திறந்து காற்றோட்டமாக வைத்துவிட்டு, தினமும் காலையில் தேநீருக்கு முன்னால் மூக்கை அதன் வாயில் வைத்து முகர்ந்தார். "இன்னிக்கும் வாடை இருக்கு, இன்னும் வேகல" என்பார். பிரியாணிக்குத் தம் போட்டவன் மூடியைத் திறக்காமல் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தார். வாடை நின்ற பிறகு தண்ணீர் ஊற்றி, நிற்கவிட்டு, கொட்டி, மறுபடி ஊற்றிக் கொட்டினார். கடைசியில் எனக்கு ஒரு தம்ளர் கொடுத்தார். குடித்தேன். ஒரு ருசியும் இல்லை. "ருசியே இல்லையே கூபி" என்றேன். "அதுதான் நகுதா ருசி" என்றார். அதன் பிறகு தொட்டியின் வாயைத் துணியால் கட்டி, மாலை நிரப்பலாம் என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குத் தேங்காய் துருவப் போய்விட்டார்.

இது பயணத்துக்கு முந்தைய நாள். அன்று மதியம் சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் வீடு வீடாக வந்து, மழைத் தண்ணீர்த் தொட்டிகளில் டார்ச் அடித்துப் பார்த்தார். காசிம் வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு நெளிந்தது. லாமுவிலிருந்து பெண் வீட்டார் இரண்டு பேர் அப்போது அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். காசிம் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அதைப் பற்றிப் பெரிதாக்கிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் எழுந்து படகுத்துறைப் பக்கம் போனார்.

அன்று சாயங்காலம் கழுதைகளில் தண்ணீர் கொண்டுவந்து படகுத் தொட்டியை நிரப்பினார்கள். மறுநாள் காலை மாப்பிள்ளைக் கூட்டம் ஏறியது. காசிம் வெள்ளைச் சட்டையில், கப்பல் ராஜா மாதிரி வந்தார். அவர் வலது கை முழங்கைக்கு மேல் வரை சிவப்பாக இருந்தது. பெண்கள் அதைப் பார்த்துவிட்டுக் குலவை போட்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. "என்ன மச்சான், கல்யாணம் உம்ம மகனுக்கா உமக்கா? பொண்ணுக்கே இவ்வளவு மருதாணி வைக்க மாட்டாங்களே" என்றேன். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு, "பாயைப் பாரும், மச்சான், வாயைப் பாக்காதேயும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

அதன் பிறகு ம்கண்டா கால்வாய்க்கு வந்தபோது படகு மிதக்கக் கடல் வெள்ளம் போதவில்லை. இருபுறமும் அலையாத்திக் காடு. காற்று இல்லை. வெள்ளம் ஏறும்வரை நிற்க வேண்டியதாயிற்று. வெயில் தாங்காமல் எல்லோரும் தண்ணீர் கேட்டார்கள். கூபி மொண்டு மொண்டு கொடுத்தார். ஒரு கிழவர் தண்ணீர் கசக்கிறது என்றார். கூபி தம்ளரை வாங்கி முகர்ந்தார். அவர் முகம் மாறியது. "யாரும் குடிக்காதீங்க! கீழ வைங்க!" என்று கத்தினார். அதற்குள் பாதிப் பேர் குடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவர்கள் எடுத்த வாந்தியில் கால்வாய் நிரம்பிப் படகு தானாக மிதந்து போய்விட்டது. (அளவு கேட்கப்பட்டது.) மன்னிக்க வேண்டும். இதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொன்னதெல்லாம் எழுதப்படும் என்று சார்ஜண்ட் சொன்னார். பதினைந்து பேர் போல வாந்தி எடுத்தார்கள். மணப்பெண்ணின் அத்தை ஒருவர், எங்களை அழைத்துப் போக வந்தவர், நினைவு தப்பிச் சாய்ந்தார். கூபி கல்யாணத்துக்கு ஏற்றிய இளநீரை வெட்டி வெட்டி ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றினார். அந்த அம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு விசிறினார். இப்போது அந்த அம்மாள் லாமு ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதாகத் தகவல்.

லாமு கரையில் இறங்கியதும், என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். காசிம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று தொட்டி ஒழுகியபோது கூபி கத்தியதைச் சொன்னார். அதன் பிறகு ஊருக்குத் திரும்பியதும் இந்த நிலையத்தில் எழுதியும் கொடுத்தார். கூபியைப் பிடித்துக்கொண்டு போகும்போது அவர் என்னிடம், "நகுதா, அந்தத் தண்ணியக் கொட்டிடாதீங்க, தொட்டியத் துடைச்சிடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நான் படகுக்குப் போய், கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்துத் தொட்டிக்குள் அடித்துப் பார்த்தேன். கூபி பூசியது வெள்ளைப் பசை. அடியில் அது தெரியவில்லை. சிவப்பாக இருந்தது. கையைத் தோள் வரை விட்டுத் தொட்டேன், பிசுபிசுத்தது. அதன் பிறகு காசிம் வீட்டுக்குப் போய் அவரைத் தனியே அழைத்தேன்.

"மச்சான், கையைக் காட்டும்."

"எதுக்கு?"

"மருதாணி எவ்வளவு பிடிச்சிருக்குன்னு பாக்க."

அவர் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டார். பிறகு, "புழு வந்துடக் கூடாதுன்னு பூசினேன், மச்சான். கடற்புழுவே அண்டாத பெயிண்டு. கொசுப்புழு எம்மாத்திரம்னு நெனச்சேன். அவங்க தம்ளரைக் கீழ வச்சதைப் பாத்தீரே" என்றார்.

"ஆக, அன்னிக்கு டப்பா தீரல."

"சுக்கானை அப்புறம் ஒரு நாள் பூசிக்கலாம்னு பால் டின்ல கொஞ்சம் எடுத்து வச்சிருந்தேன்."

"டப்பாவுல செத்த மீன் போட்டிருந்தானே?"

"மீன்காரனுக்கு விக்கிறதுல மீன் படம் போடாம மாடா போடுவான்? மீன் செத்தாத்தானே நமக்குச் சோறு!"

இதற்கு நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. நீரே நிலையத்துக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிடும் என்றேன். சொன்னால் மாப்பிள்ளையின் தகப்பனே நஞ்சு வைத்தான் என்று பெண்ணை அனுப்ப மாட்டார்கள் என்றார். அதன் பிறகு, "கூபிக்கு யாரு இருக்கா? பொண்டாட்டியா பிள்ளையா? கொஞ்ச நாள் உள்ள இருந்துட்டு வரட்டும். வந்ததும் நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் கெட்டவர் அல்ல என்று பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டேன். ஆனாலும் இதைச் சொன்னார் என்பதையும் பதிவு செய்துகொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு நான் இந்த நிலையத்துக்கு வந்தேன். வாசலிலேயே கான்ஸ்டபிள், "என்ன நகுதா, சுறா திரும்பி வந்துடுச்சா?" என்று கேட்டார். உள்ளே இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் பேசப் பேசச் சிரித்தார்கள். இரண்டாம் தடவை வந்தபோது தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். வாழ்நாள் முழுவதும் ஊரைச் சிரிக்க வைத்தவன் நான். இத்தனை களைப்பு எனக்கு எந்தப் புயலிலும் வந்ததில்லை.

அதன் பிறகு வீட்டுக்குப் போய் என் மனைவி மானாதேயிடம், உன் அண்ணனைக் காட்டிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். அவள் அழுதாள். அதன் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போங்க. ஆனா பெருசு பண்ணாதீங்க. உள்ளது உள்ளபடி சொன்னாலே அவன் மானம் போக அது போதும்" என்றாள்.

ஆகவே இன்று வந்து இதுவரை எழுதவைத்த பிறகு, நான் சொல்வதை நம்ப வேண்டாம், படகை வந்து பாருங்கள் என்று சார்ஜண்டிடம் சொன்னேன். இனி வருவது அங்கே போய்த் திரும்பியபின் எழுதியது. அவர் வந்தார். தண்ணீர் வற்றியிருந்தது. படகின் அடி முழுவதும் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. சுக்கானுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு மட்டும் பாசியும் கொட்டலசும் பிடித்து அரிசி கொட்டியது போல் கிடந்தது. "இங்க வரவேண்டிய பெயிண்டுதான் அங்க போயிருக்கு" என்று சொல்லி, தொட்டிக்குள் கையை விட்டுச் சுரண்டிக் காட்டினேன். சார்ஜண்ட் மேட்டு நிலத்துக்காரர், படகு தெரியாதவர். ஆனாலும் இரண்டு சிவப்பையும் விரல்களில் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு அளவு எதுவும் கேட்கவில்லை.

நாங்கள் நிலையத்துக்குத் திரும்பியபோது காசிம் வாசலில், வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இந்த வெயிலிலும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கி விட்டிருந்தார். சார்ஜண்ட் அவரை உள்ளே அழைத்து, கையை ஏற்றச் சொன்னார். மண்ணெண்ணெய், மணல், எலுமிச்சை எல்லாம் தேய்த்துத் தோல் புண்ணாகியிருந்தது. சிவப்புப் போகவில்லை. "நான்தான்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு கூபியை வெளியே கொண்டுவந்தார்கள். இவ்வளவு நாள் அடைபட்டவர் காசிமின் கழுத்தைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தக் கையைப் பார்த்தார். "என் பசைக்கு மேலயா பூசுன?" என்று கேட்டார். காசிம் தலையாட்டினார். "பாவி. இனி இரும்பு வரைக்கும் சுரண்டணும். இல்லேன்னா தூக்கிக் கடல்ல போடணும். எவ்வளவு நல்லா வந்திருந்தது தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். கான்ஸ்டபிள் தம்ளரில் கொடுத்தார். கூபி அதை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, வெகுநேரம் முகர்ந்தார். நாங்கள் எல்லோரும், சார்ஜண்ட் உட்பட, அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அதன் பிறகு குடித்தார்.

எனக்கு வேறு சொல்ல எதுவும் இல்லை. இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பெரிதாக்கிச் சொன்ன இடங்கள் அங்கங்கே குறைக்கப்பட்டுள்ளன. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூபி அத்மான் தண்ணீரில் எதையும் கலக்கவில்லை என்ற வரியில் குறைக்க எதுவும் உண்டா என்று கடைசியாகக் கேட்கப்பட்டது. இல்லை, அது உள்ள அளவிலேயே இருக்கிறது என்று சொல்லி, யார் வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஃபூமோ கொம்போ, நகுதா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) கிலோன்சோ, சார்ஜண்ட்